கை எக்ஸ்ரே, மூட்டுவாதம், மெஷின் லேர்னிங்: புதிதாக வருபவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

மெஷின் லேர்னிங் படித்துவிட்டு மருத்துவப் படங்களில் ஏதாவது செய்து பார்க்கலாம் என்று வருபவர்களில் பெரும்பாலோர் நெஞ்சு எக்ஸ்ரேயில் போய் நிற்கிறார்கள். அங்கே கூட்டம் அதிகம். கை எக்ஸ்ரே பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பழகுவதற்கு இது நல்ல இடம். தட்டையான ஒரே படம். பார்க்க வேண்டிய இடங்கள் ஏற்கெனவே எண்ணி வைக்கப்பட்டவை. அந்த இடங்களுக்கு மருத்துவர்கள் அரை நூற்றாண்டாக மதிப்பெண் போட்டு வருகிறார்கள். சாதாரண லேப்டாப்பும் இலவசமாகக் கிடைக்கும் ஜிபியுவும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பைத்தான் கொஞ்சம் தெரியும், படங்களை வகைப்படுத்தும் ஒரு மாடலை ஒரு தடவையாவது ஓட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, போகப் போகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மாடல் பற்றிய பேச்சு இந்தக் கட்டுரையில் ரொம்பத் தாமதமாகத்தான் வரும். வேலையிலும் அப்படித்தான்.

முதல் படி: கேள்வியைச் சரியாக வைத்துக்கொள்வது

"எக்ஸ்ரேயைப் போட்டால் மூட்டுவாதம் இருக்கா இல்லையான்னு சொல்லும் ஆப்." கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. இதை விட்டுவிடுங்கள்.

முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வின் அழற்சியில் தொடங்குகிறது. வீக்கம், வலி, காலையில் விரலை மடக்க முடியாத இறுக்கம் எல்லாம் வந்த பிறகும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். எலும்பு அரிக்கப்பட்டு அது படத்தில் தெரிய மாதங்கள், சில நேரம் வருடங்கள் ஆகும். அதனால்தான் 2010ஆம் ஆண்டின் அமெரிக்க, ஐரோப்பிய வகைப்பாட்டு விதிகளில் மதிப்பெண் தரப்படும் நான்கு விஷயங்களில் எக்ஸ்ரே இல்லை. எத்தனை மூட்டுகள், ரத்தப் பரிசோதனையில் குறிப்பிட்ட எதிர்ப்பொருள்கள் உண்டா, அழற்சிக் குறியீடுகள் ஏறியிருக்கின்றனவா, ஆறு வாரம் தாண்டியதா என்று பார்த்து, 10க்கு 6 வந்தால் முடக்குவாதம் என்கிறார்கள். எக்ஸ்ரே நார்மல் என்று உங்கள் ஆப் பச்சை விளக்கு காட்டி, அதை நம்பி ஒருவர் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டால், மருந்து நன்றாக வேலை செய்யும் காலம் கைநழுவிப் போகும்.

எக்ஸ்ரே உண்மையில் பயன்படுவது சேதத்தை அளப்பதற்கு. போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு, மருந்து தடுத்து நிறுத்தியதா? மருந்து ஆய்வுகளில் இந்த அளவீட்டை மனிதர்கள் கையால் செய்கிறார்கள். நேரமும் செலவும் அதிகம், இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் வரும். கணினிக்கு இங்கே வேலை இருக்கிறது. ஆகவே நம் கேள்வி இது: இந்தக் கையில், இந்த மூட்டில், சேதம் எத்தனை மதிப்பெண்?

இரண்டாம் படி: ஒரு மூட்டைப் பார்க்கப் பழகுவது

புரோகிராம் எழுதுமுன் ஒரு வாரமாவது எக்ஸ்ரேக்களை வெறுமனே பாருங்கள். முடிந்தால் ஒரு ருமட்டாலஜிஸ்ட் (மூட்டுவாத நிபுணர்) பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஆட்காட்டி விரல் உள்ளங்கையோடு சேரும் அடிமூட்டை எடுத்துக்கொள்வோம். மருத்துவர்கள் இரண்டாவது எம்சிபி என்பார்கள். உள்ளங்கை எலும்பின் தலை உருண்டையாகத் தெரியும். அதன் விளிம்பு மெல்லிய வெள்ளைக்கோடு. அதற்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் கறுப்பு இடைவெளி. அது காலி இடம் அல்ல, எக்ஸ்ரேயில் தெரியாத குருத்தெலும்பு. இப்போது எலும்புத் தலையின் கட்டைவிரல் பக்க ஓரத்தைப் பாருங்கள். குருத்தெலும்பு முடியும் இடத்துக்கும் மூட்டுச் சவ்வு ஒட்டும் இடத்துக்கும் நடுவே, போர்வை எதுவும் இல்லாத எலும்பு கொஞ்சம் இருக்கும். முடக்குவாதம் முதலில் கடிப்பது பெரும்பாலும் அங்கேதான். ஓடிவரும் வெள்ளைக்கோடு அந்த இடத்தில் அறுந்து, ஓரத்தில் சின்னதாக ஒரு குழிவு தெரிந்தால் அது அரிப்பு. கோடு அறுபடாமல் உள்ளே மட்டும் கறுப்பு வட்டம் இருந்தால் அது நீர்க்கட்டியாக இருக்கலாம், ரத்தக்குழாய் நுழையும் சாதாரணத் துளையாகவும் இருக்கலாம். இந்த வித்தியாசத்தில் அனுபவமுள்ள இரண்டு மருத்துவர்களே சண்டை போடுவார்கள். உங்கள் மாடல் எதில் தடுமாறப் போகிறது என்பது இப்போதே தெரிந்துவிடும்.

எந்த மூட்டு என்பதும் முக்கியம். முடக்குவாதம் மணிக்கட்டையும் விரல்களின் அடிமூட்டு, நடுமூட்டையும் பிடிக்கும். நுனிமூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். தேய்மானம் எனப்படும் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் நேர்மாறாக நுனிமூட்டையும் கட்டைவிரல் அடியையும் விரும்பும். அங்கே அரிப்பைவிட எலும்பு முளைகளும் குறுகிய இடைவெளியும் அதிகம். சோரியாசிஸோடு வரும் மூட்டுவாதம் நுனிமூட்டையும் தாக்கும். வயதானவர் ஒருவருக்கு முடக்குவாதமும் தேய்மானமும் ஒரே கையில் இருப்பது சர்வ சாதாரணம். டேட்டாவில் அப்படிப்பட்ட கைகளை ஒதுக்கிவிட்டால் மருத்துவமனையில் மாடல் திணறும்.

மூன்றாம் படி: மதிப்பெண் முறை

தேய்மானத்துக்கு 1957இல் வந்த கெல்கிரென்-லாரன்ஸ் முறை: மூட்டுக்கு 0 முதல் 4 வரை. முடக்குவாதத்துக்கு ஷார்ப் முறை 1971இல் வந்தது. அதை வான் டெர் ஹெய்டே திருத்தி அமைத்த வடிவம்தான் இன்று மருந்து ஆய்வுகளில் புழங்குகிறது. இதன் கணக்கை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. அரிப்புக்கு ஒரு கையில் 16 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. இடைவெளி குறுகலுக்கு ஒரு கையில் 15 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. இரண்டு கைக்கும் சேர்த்து அரிப்பு 160, குறுகல் 120. பாதங்களுக்குத் தனியாக 168. மொத்தம் 448.

நுனிமூட்டு இந்தப் பட்டியலில் கிடையாது. புதியவர்கள் கையில் தெரியும் மூட்டையெல்லாம் வெட்டி எடுத்து மாடலுக்குக் கொடுத்துவிடுவார்கள். லேபிளோ நுனிமூட்டுகளுக்கு இருக்காது. மணிக்கட்டு இன்னொரு தலைவலி. சின்னச் சின்ன எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெரியும், எந்தக் கோடு எந்த எலும்புக்குச் சொந்தம் என்பதே குழப்பம். முதல் முயற்சியில் அடிமூட்டு, நடுமூட்டு இரண்டையும் மட்டும் எடுங்கள். மணிக்கட்டு அப்புறம்.

நான்காம் படி: டேட்டா

இலவசமாகக் கிடைக்கும் கை எக்ஸ்ரேக்கள் நிறைய உண்டு, ஆனால் முடக்குவாத மதிப்பெண்ணோடு கிடைப்பவை மிகக் குறைவு. வட அமெரிக்க ரேடியாலஜி சங்கம் 2017இல் எக்ஸ்ரேயைப் பார்த்து எலும்பின் வயதைக் கணிக்கும் போட்டி ஒன்றை நடத்தியது. அதில் குழந்தைகளின் கை எக்ஸ்ரே 14,236. ஸ்டான்ஃபோர்டின் முரா தொகுப்பில் தோளிலிருந்து விரல் வரை 40,561 படங்கள், ஆனால் லேபிள் 'இயல்பு', 'இயல்பல்ல' என்பதோடு நின்றுவிடும். அமெரிக்காவின் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் இனிஷியேட்டிவ் 45 முதல் 79 வயதுவரை 4,796 பேரைப் பல வருடம் தொடர்ந்தது. முழங்கால்தான் அதன் நோக்கம் என்றாலும் கை எக்ஸ்ரேக்களும் எடுத்தார்கள். தேய்மானத்தில் வேலை செய்ய நினைப்பவர்கள் அங்கே தேடலாம்.

முடக்குவாதத்துக்கு அவசியம் படிக்க வேண்டியது ஆர்ஏ2-ட்ரீம் போட்டி. சேஜ் பயோநெட்வொர்க்ஸும் பர்மிங்காமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியது. முடிவு 2022இல் வெளியானது. 562 நோயாளிகளின் 674 எக்ஸ்ரே தொகுப்புகள், கையும் பாதமும் சேர்த்து. மொத்தச் சேதம், இடைவெளி குறுகல், அரிப்பு என மூன்று தனிக் கேள்விகள். 674 என்பது இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒரு தொகுப்புக்குக் கைகளில் மட்டும் 32 அரிப்பு இடங்கள். பெருக்கினால் 21,568 மூட்டுப் படங்கள். சின்ன டேட்டாவில் இந்த வேலை ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஒரே ஆளின் மூட்டுகள் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கீழே அதற்கு வருகிறேன்.

உங்கள் ஊர் மருத்துவமனையிலிருந்தே டேட்டா வாங்குவதாக இருந்தால் முதலில் அங்குள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதி, பிறகு மற்றவை. இந்தியாவில் இருப்பவர்கள் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு பற்றி ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2023இல் வெளியிட்ட நெறிமுறைகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள். நோயாளியின் பெயரை ஃபைலின் விவரப் பகுதியில் அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். படத்தின் மூலையிலேயே பெயர் எழுத்தாகப் பதிந்திருக்கும். ஃபைல் பெயரிலும் இருக்கும்.

லேபிள் போடும் மருத்துவர் ஒருவர் போதாது, இருவர் தேவை. அதே படங்களில் சிலவற்றைச் சில வாரம் கழித்து, முந்தைய மதிப்பெண்ணைக் காட்டாமல், அதே மருத்துவரிடம் மறுபடி கொடுங்கள். அவரே அவரோடு எவ்வளவு ஒத்துப்போகிறார், இருவரும் ஒருவரோடு ஒருவர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்ற இரண்டு எண்களும் உங்களுக்கு வேண்டும். அந்த எண்கள் கையில் இல்லாதவரை மாடல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஃபைலைத் திறப்பது

மருத்துவமனைப் படங்கள் டைகாம் வடிவில் வரும். பைடைகாம் நூலகம் திறந்து கொடுக்கும். திறந்ததும் எலும்பு கறுப்பாகவும் பின்னணி வெள்ளையாகவும் தெரிந்தால் பதற வேண்டாம். ஃபைலின் ஒளிக் குறியீட்டுப் புலத்தில் (Photometric Interpretation) மோனோகுரோம்1 என்று இருக்கும். சிறிய எண் வெள்ளை என்று அர்த்தம். தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். ஒரே தொகுப்பில் மோனோகுரோம்1, மோனோகுரோம்2 இரண்டும் கலந்து கிடக்கும், ஒவ்வொரு ஃபைலிலும் பார்த்தாக வேண்டும். பிக்சல் மதிப்பு பெரும்பாலும் 12 பிட். நேராக 8 பிட்டுக்கு மாற்றினால் படம் கந்தலாகிவிடும்; முதலில் பிக்சல் மதிப்புகளை 0 முதல் 255 வரைக்குள் சுருக்கி, பிறகு மாற்றுங்கள்.

அப்புறம் பிக்சல் இடைவெளி. ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டர் என்பது ஃபைலில் இருக்கும். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், 0.1 முதல் 0.2 வரை வரலாம். எல்லாப் படங்களையும் ஒரே மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இடைவெளி குறுகலை அளக்க வந்துவிட்டு இதை விடுவது, அளவுகோல் இல்லாமல் துணி வெட்டுகிற கதைதான். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் எடுத்த படங்களில் இந்தத் தகவலே கிடையாது, தவிர்ப்பது நல்லது.

இரண்டு கையும் ஒரே படத்தில் இருந்தால் பிரித்து, இடது கையைக் கண்ணாடிபோல் திருப்பி எல்லாவற்றையும் வலது கையாக்குங்கள். திருப்பியதை எங்காவது குறித்து வையுங்கள், கடைசியில் ரிப்போர்ட்டில் பக்கம் மாறினால் வம்பு. மோதிரம், வளையல், டிரிப்ஸ் ஊசி உள்ள படங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மருதாணி படத்தில் விழாது.

ஆறாம் படி: மூட்டைக் கண்டுபிடித்து வெட்டுவது

முழுக் கையை 224க்கு 224 பிக்சலாகச் சுருக்கி மாடலுக்குக் கொடுத்தால் என்ன? கணக்குப் போடுங்கள். மணிக்கட்டோடு சேர்த்து ஒரு கை ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். சுருக்கினால் ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் மூட்டு இடைவெளி ஒன்றரை பிக்சலாகிவிடும். அதில் பாதி குறைந்ததா என்பதை எந்த நெட்வொர்க்கும் பார்க்க முடியாது. ஆகவே முதலில் மூட்டின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி 25 முதல் 30 மில்லிமீட்டர் சதுரத்தை முழுத் தெளிவோடு வெட்டி எடுக்க வேண்டும்.

புள்ளி கண்டுபிடிக்க, படத்தில் எந்த இடம் எது என்று குறிக்கும் யூ-நெட் போன்ற நெட்வொர்க் ஒன்று போதும். சில நூறு கைகளில் நீங்களே மூட்டுப் புள்ளிகளைக் குறித்துக் கொடுக்கலாம், இதற்கு மருத்துவர் வேண்டாம். குழந்தைகளின் 14,236 படங்களில் இதை முதலில் பழக்கலாம். ஆனால் வளர்ச்சித் தட்டு மூடாத எலும்புகள் அவை, சேதத்தைக் கற்பிக்க அவற்றைத் தொடாதீர்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. நல்ல கைகளில் புள்ளி கச்சிதமாக விழும். விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து, மூட்டு நழுவி, எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கையில்தான் புள்ளி வேறெங்கோ போய் உட்காரும். அதாவது நோய் முற்றியவர்களிடம்தான் தவறும். சராசரிப் பிழையைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அப்படிப்பட்ட கைகள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் புள்ளிப் பிழையைச் சேத அளவுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். தவறிய கைகளைக் கையால் திருத்தி மறுபடி டிரெயினிங்கில் சேர்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: டிரெயினிங்

சரி, இப்போது மாடல். ரெஸ்நெட்-18 அல்லது 34, இமேஜ்நெட்டில் முன்பே பழகியது, பைடார்ச்சில். இவ்வளவுதான். பெரிய மாடலுக்கு ஓடுமுன் இது எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். அரிப்புக்கு ஒன்று, குறுகலுக்கு ஒன்று எனத் தனித்தனி வெளியீடு வையுங்கள்.

மதிப்பெண் என்பது வரிசை. 3 என்பதை 4 என்றால் சின்னத் தவறு, 0 என்றால் பெரிய தவறு. பூனையா நாயா என்று பிரிக்கும் சாதாரண வகைப்பாட்டு இழப்புக் கணக்குக்கு (loss) இது தெரியாது. '1 அல்லது அதற்கு மேலா?', '2 அல்லது அதற்கு மேலா?' என்று அடுக்கடுக்காகக் கேட்கும் முறையோ, நேராக எண்ணைக் கணிக்கும் முறையோ பொருந்தும்.

படங்களை லேசாகச் சுழற்றுவது, வெளிச்சத்தை மாற்றுவது நல்லது. ரப்பர்போல் இழுத்து வளைக்கும் எலாஸ்டிக் மாற்றத்தை மட்டும் போடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் புரோகிராம்களில் அது வழக்கமாக இருக்கும். இங்கே அது மூட்டு இடைவெளியையே மாற்றிவிடும், லேபிள் பொய்யாகிவிடும்.

பெரும்பாலான மூட்டுகளின் மதிப்பெண் 0. நூற்றில் 90 மூட்டு சுத்தமாக இருக்கும் தொகுப்பில், கண்ணை மூடிக்கொண்டு 'எல்லாம் 0' என்று சொல்லும் மாடலும் 90 சதவீதம் சரி. அதனால் அக்யூரசி என்ற வார்த்தையை இந்த வேலையில் மறந்துவிடலாம். சேதமுள்ள மூட்டுகளை ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாகக் காட்டுங்கள்.

எட்டாம் படி: சோதனை

டேட்டாவை டிரெயினிங்குக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது ஆள்வாரியாகப் பிரியுங்கள். வலது கை இங்கே, அதே ஆளின் இடது கை அங்கே என்று போனால் மாடல் ஆளை அடையாளம் கண்டுகொண்டு மார்க் வாங்கும். அடுத்த வருடம் எடுத்த படமும் அதே ஆளோடுதான் போக வேண்டும். மேலே சொந்தக்காரர்கள் என்றது இதைத்தான்.

அளவீட்டுக்கு, பெரிய விலகலுக்குக் கூடுதல் தண்டனை தரும் ஒத்துப்போதல் அளவான இருபடி எடையிட்ட கப்பா, மொத்த மதிப்பெண்ணுக்கு ஒத்துப்போதலை அளக்கும் ஐசிசி, கூடவே இருவரின் எண்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைக் காட்டும் பிளான்ட்-ஆல்ட்மன் வரைபடம். கப்பாவில் மாடலும் மருத்துவரும் ஒத்துப்போகும் அளவு, இரண்டு மருத்துவர்களுக்குள் ஒத்துப்போகும் அளவை எட்டினால் நல்ல வேலை. அதைவிட ரொம்ப அதிகமாக வந்தால் சந்தோஷப்படுமுன் டேட்டா எங்காவது கசிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

பிறகு, நோயைப் பார்க்காமல் மாடல் பிடிக்கும் குறுக்குவழி. அமெரிக்காவில் ஜான் செக் குழு 2018இல் நிமோனியா மாடல்களைச் சோதித்தபோது, படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை நெட்வொர்க் கிட்டத்தட்ட தவறாமல் கண்டுபிடித்தது. படத்தின் ஓரத்தில் டெக்னீஷியன் வைக்கும் உலோக எழுத்தும் அதற்குத் துப்புக் கொடுத்தது. கையிலும் இதே ஆபத்து. சேதம் அதிகமுள்ளவர்கள் எல்லாம் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து வந்திருந்தால் மாடல் அந்த இயந்திரத்தைத்தான் கற்றிருக்கும். வெளி மருத்துவமனை ஒன்றின் படங்களில் சோதிக்காமல் எதையும் நம்பாதீர்கள். மாடல் எங்கே பார்த்தது என்று வண்ணம் பூசிக் காட்டும் கிராட்-கேம் படங்கள் சந்தேகத்தைக் கிளப்பப் பயன்படும், தீர்க்கப் பயன்படாது.

கடைசிச் சோதனை காலம். ஒரே ஆளின் இரண்டு வருடப் படங்களைக் கொடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். இன்றைய மருந்துகளில் பலருக்கு வருட மாற்றம் மிகச் சிறியது. கையைச் சற்றுச் சாய்த்து வைத்தாலே இடைவெளி வேறாகத் தெரியும். அதனால் 'இதற்குக் கீழே போனால் வெறும் இரைச்சல்' என்ற எல்லையைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்கள் அதைக் கண்டறியக்கூடிய மிகச்சிறு மாற்றம் என்பார்கள். மாடல் சொல்லும் மாற்றம் அந்த எல்லைக்குள் இருந்தால், மாற்றம் தெரியவில்லை என்றே ரிப்போர்ட்டில் வர வேண்டும்.

எக்ஸ்ரே தாண்டி

அழற்சியையே பார்க்க வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ. அல்ட்ராசவுண்டில் சவ்வின் வீக்கத்தையும் ரத்த ஓட்டத்தையும் 0 முதல் 3 வரை தரம் பிரிக்கிறார்கள். டென்மார்க்கின் ரோப்கா நிறுவனம் ஆர்தர் என்ற ரோபோவைச் செய்திருக்கிறது. நோயாளி கையை வைத்தால் அதுவே விரல் மூட்டுகளை ஸ்கேன் செய்யும். ஜெர்மனியின் எர்லாங்கனில் அதிநுண் சிடி எடுத்து, எலும்பின் வடிவத்தை மட்டும் வைத்து முடக்குவாதத்தையும் சோரியாசிஸ் மூட்டுவாதத்தையும் பிரிக்க நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். சுவாரசியமான வேலைகள், ஆனால் முதல் ப்ராஜெக்டுக்கு வேண்டாம்.

ஒன்பதாம் படி: மருத்துவரிடம் கொண்டுபோவது

மொத்த மதிப்பெண் 37 என்ற ஒரு எண்ணை மட்டும் நீட்டினால் எந்த ருமட்டாலஜிஸ்டும் திருப்பிக் கொடுத்துவிடுவார். மூட்டுவாரியாக எண், பக்கத்தில் வெட்டிய மூட்டுப் படம், முந்தைய வருடப் படம் இருந்தால் அதுவும், அவர் எண்ணைத் திருத்த ஒரு பெட்டி. அவர் திருத்துவதெல்லாம் உங்களுக்கு அடுத்த சுற்று லேபிள். புள்ளி சரியாக விழாத மூட்டுக்கு எண் தராதீர்கள். 'படிக்க முடியவில்லை' என்று எழுதுங்கள். இந்தியாவில் நோயாளிகளின் சிகிச்சைக்கு இதைப் பயன்படுத்தும் நிலை வந்தால், மென்பொருளும் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளுக்குள் வரும் என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது நன்றாக வந்த படங்களை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். மாடலும் மருத்துவரும் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் விலகிய மூட்டுகளை மட்டும் பிரிண்ட் போட்டு, யார் எந்த எண் கொடுத்தது என்று சொல்லாமல் அவர் முன்னால் வையுங்கள். சிலவற்றில் அவர் மாடல் பக்கம் பேசுவார், சிலவற்றில் மூட்டே தப்பாக வெட்டப்பட்டிருக்கிறது என்பார். ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் காரணத்தைப் படத்தின் பின்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.